எட்டாவது போர்ட்

அலுவலகத்தில் அவருக்குப் "பத்து நிமிஷம்" என்று பெயர். வைத்தவர்கள் பாசத்தில் வைக்கவில்லை, பகையிலும் வைக்கவில்லை; சாப்பிட்டுவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது வைத்தார்கள். அவர் நெட்வொர்க் பொறியாளர். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி எதில் கை வைத்தாலும் முதலில் அதற்கு ஒரு கெடு வைப்பார்: இன்னும் பத்து நிமிஷத்தில் நீயாகவே அணைந்து எழுந்துகொள். மாற்றம் ஒழுங்காக நடந்தால் கெடுவை ரத்து செய்துவிடுவார். தப்பாகப் போய், ஸ்விட்ச் அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்தாவது நிமிஷம் ஸ்விட்ச் அணைந்து எழும். கடைசியாகச் சேமித்து வைத்த பழைய அமைப்போடுதான் எழும். இடையில் செய்த கோளாறெல்லாம் அதற்கு மறந்துபோயிருக்கும். மனுஷனுக்கு இந்த வசதி இல்லையே என்று ஒரு தடவை மனைவியிடம் சொல்லப்போக, "எதை மறக்கணும்னு பாக்கறீங்க?" என்று அவள் கேட்டாள். பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தப் பழக்கம் கூடப்பிறந்ததல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறம் வந்தது.

அந்தக் கூடம் தலைமை அலுவலகத்திலிருந்து எண்பது கிலோமீட்டர். பதினாறு ஊர்களிலிருந்து குடிதண்ணீர் பாட்டில்களில் வரும். பரிசோதித்த முடிவுகள் மாடியில் ஒரு சின்ன அறையில் இருக்கும் இரண்டு சர்வர்களில் ஏறும். இரண்டாவது சர்வர் தினமும் மாலை நான்கு மணிக்கு அவற்றை ஊர்களுக்கு அனுப்பும். நான்கரைக்குள் முடிவு வரவில்லையென்றால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு குழாயை அடைத்துவிட வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் வீட்டில் பெரிய தொட்டி இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சம்பவம் நடந்து இரண்டு வருஷம் கழித்து, கூடத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. அதன் தகவல் நெட்வொர்க்கில் தனிப் பாதையில் போகவேண்டும் என்றார்கள். சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஸ்விட்சுக்கு ஒரே ஒரு கேபிள்தான் வந்தது; அது செருகியிருக்கிற ஓட்டைக்குத்தான் போர்ட் என்று பெயர். சர்வரின் அன்றாட வேலையும் அதில்தான் போகும். தூரத்தில் இருந்துகொண்டே சர்வரை அணைக்க, எழுப்ப, நலம் விசாரிக்க உதவுகிற மேலாண்மை இணைப்பும் அதில்தான் போகும். ஒரு பாதையை மட்டும் விட்டுக்கொண்டிருந்த போர்ட்டை இப்போது பல பாதை விடுகிற போர்ட்டாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண் உண்டு. எண் ஒட்டிக்கொண்டு வருகிற தகவல் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். மேலாண்மை இணைப்பும் நான்கு மணி முடிவுகளும் எண் ஒட்டாமல் வருகிறவை. "எண் இல்லாமல் யார் வந்தாலும் இருபத்தொன்றாம் பாதையில் விடு" என்று ஸ்விட்சிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு அப்புறம்தான் போர்ட்டை மாற்ற வேண்டும். அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் சர்வர் உயிரோடுதான் இருக்கும், கூப்பிட்டால் கேட்காது.

போதாக்குறைக்கு, அந்த ஸ்விட்சுக்குள் போக அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. முதலில் இரண்டாவது சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து ஸ்விட்சுக்குப் போகவேண்டும். எந்தக் கதவைக் கழற்றி மாட்டப்போகிறாரோ, அந்தக் கதவு வழியாகத்தான் அவரே உள்ளே போயிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கூடத்தின் ஊழியர்கள் அத்தனை பேரும் பயிற்சிக்காக வெளியூர் போவதாக இருந்தது. காலை வேலையை முடித்து முடிவுகளைச் சர்வரில் ஏற்றிவிட்டுப் போவார்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள் மாற்றத்தைச் செய்துகொள்ளலாம், நான்கு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும் என்று முடிவாயிற்று. ஆறு மாதத்துக்கு முன் வந்த புது மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். அது பேசுகிறவர்களைவிடத் தொந்தரவாக இருந்தது.

"பத்து நிமிஷம்" கெடு வைத்தார். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டாமல், முன்பு எழுதி வைத்திருந்த ஒரு கோப்பைத் திறந்து, முதல் சர்வருக்கான ஏழாவது போர்ட்டின் வரிகளை மேலே சேர்த்துக்கொண்டு, இரண்டாவது சர்வரின் எட்டாவது போர்ட்டுக்குப் பழைய வரிகளை அப்படியே விட்டு, மொத்தத்தையும் நகலெடுத்து ஒரே மூச்சில் ஒட்டினார். மணி இரண்டு முப்பத்தொன்று. திரை அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் மேலாளர்.

"ஒண்ணும் இல்ல மேடம். கதவு சாத்திக்கிச்சு. பத்து நிமிஷத்துல தானா திறந்துரும்."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்" தேநீர் குடிக்கப் போனார். நின்று நிதானமாகக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவியும் வைத்தார்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு ஸ்விட்ச் அணைந்தது. நாற்பத்தைந்துக்கு எழுந்தது. ஏழாவது போர்ட் நன்றாக எழுந்தது. முதல் சர்வர் நலமாக இருப்பதாகத் தூரத்திலிருந்து சொல்லியது. ஆனால் ஸ்விட்சுக்குள் போக அது உதவாது. எட்டாவது போர்ட்டில் சத்தமே இல்லை. நாற்பத்தெட்டுக்கும் இல்லை.

அவர் கோப்பை மறுபடி திறந்து விரலை வைத்துப் படித்தார். எட்டாவது போர்ட்டில் இருபத்தொன்று என்று இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கெடு காப்பாற்றியிருக்கும். கோப்பின் கடைசி வரியில் "சேமி" என்கிற கட்டளை இருந்தது. ஒட்டிய வரிகள் எல்லாம் ஒரே வாயில் ஸ்விட்சுக்குள் போய்விட்டன. கதவு சாத்தும் முன்னாலேயே கடைசி வரியும் உள்ளே போய், கோளாறு பத்திரமாகச் சேமிக்கப்பட்டுவிட்டது. இனி நூறு தடவை அணைந்து எழுந்தாலும் அந்தக் கோளாறோடுதான் எழும்.

கோப்பின் தலைப்பில் தேதி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அன்றைக்கும் வேறொரு கருவிக்காக இதே போர்ட்டில் இதே மாற்றத்தைத்தான் முயன்றார். கெடு எதுவும் வைக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், மடிக்கணினியைச் செருகி, எல்லாவற்றையும் கையாலேயே பழையபடி மாற்றிவிட்டு வந்தார். பதினாறு ஊர்களிலும் அன்று குழாய் அடைத்தார்கள். அப்போதிருந்த மேலாளர் கத்துகிற மனிதர். கத்தலுக்குப் பயந்து ரிப்போர்ட்டில் இவர் ஒரு வரி எழுதினார்: "அறையைச் சுத்தம் செய்யும்போது கேபிள் தளர்ந்துள்ளது, துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவு." யாருக்கும் எதுவும் ஆகாது என்று நினைத்தார். காரணம் கிடைத்துவிட்டதால் கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

"கார்ல போனா?" என்றார் மேலாளர்.

"அஞ்சு ஆயிரும்."

"அங்க யாராவது இருப்பாங்களா?"

மேலாளரே கூடத்தின் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, தொலைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்தார். வெகு நேரம் மணி அடித்தது.

"பரிசோதனைக் கூடம். இங்க யாரும் இல்லீங்க."

"நீங்க இருக்கீங்களே," என்றார் "பத்து நிமிஷம்".

"நான் இருக்கேன். யாரும் இல்ல."

கூடத்தைத் திறந்து, கூட்டித் துடைத்து, பூட்டுகிற பெண்மணி அது. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் எல்லோருக்கும் சாவியக்கா.

"அக்கா, நான் தலைமை ஆபீஸ்ல இருந்து பேசறேன். நெட்வொர்க். மாடியில சர்வர் ரூம் இருக்குல்ல, அதைக் கொஞ்சம் தொறந்து ஒரு கேபிளை மாத்திக் குடுக்கணும். ரெண்டு நிமிஷ வேலை."

"அந்த ரூமுக்குள்ள நான் போகக்கூடாது சார்."

"நான் சொல்றேன், போங்க."

"போகமாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன். ரெண்டு வருஷம் ஆச்சு. கதவுல போர்டே மாட்டியிருக்காங்க, துப்புரவு ஆளுங்க உள்ள வரக்கூடாதுன்னு. தினம் அந்தப் போர்டைத்தான் தொடச்சிட்டு வர்றேன்."

மேலாளர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "பத்து நிமிஷம்" திரையைப் பார்த்தார். திரையில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

"எதுக்கு அப்படி கையெழுத்து வாங்கினாங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"நீங்க யாருங்கம்மா?"

"நான் மேலாளர். இவர் பக்கத்துல இருக்கேன்."

"கேபிளை நான் ஆட்டிவிட்டுட்டேன்னு ரிப்போர்ட் வந்துச்சும்மா. பதினாறு ஊர்ல தண்ணி நின்னுபோச்சு. என் கொழுந்தனார் வீடும் அதுல ஒரு ஊர்தான். ஒரு வருஷம் எங்க வீட்டுக்கே வரல அவங்க."

"நீங்க ஆட்டினீங்களா?"

"அன்னைக்கு நான் லீவும்மா. மருமகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில இருந்தேன்."

ஒலிபெருக்கியில் எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"லீவுன்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேனே. ரிப்போர்ட்ல இருக்கேம்மான்னாங்க. ரிப்போர்ட்டை விட நான் பெரிய ஆளா?"

இந்த இடத்தில் "பத்து நிமிஷம்" வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்வதற்கு இரண்டு வாக்கியங்கள்கூட நாக்கு நுனிக்கு வந்தன. மணி மூன்று ஐந்து. பதினாறு ஊர்களை நினைத்தாரா, மேலாளரின் பார்வையை நினைத்தாரா என்று பிற்பாடு அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, அதை எழுதினது நான்தான். கேபிளை யாரும் ஆட்டல. நான் தப்பா ஒரு நம்பரைப் போட்டேன். அதை மறைக்க உங்க மேல எழுதிட்டேன். இன்னைக்கும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்கேன்."

"அதே தப்பா?"

"அதே தான்."

"ரெண்டு வருஷத்துல வேற தப்பு கிடைக்கலையா சார்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மேலாளர் வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சரி, செய்யறேன்," என்றாள் சாவியக்கா. "ஆனா வாயால சொன்னது போதாது. என் செல்லுக்கு எழுதி அனுப்புங்க. நம்பர் சொல்றேன்."

அவர் செல்பேசியில் எழுதினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தடங்கலுக்குத் தான்தான் காரணம் என்றும், இன்று அறைக்குள் போகச் சொன்னதும் தான்தான் என்றும் எழுதி, மேலாளரிடம் காட்டி, அனுப்பினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தாள். மூன்று பன்னிரண்டு.

"ஒரு வார்த்தை விட்டுப்போச்சு சார்."

"என்ன வார்த்தை?"

"கவனக்குறைவு. அன்னைக்கு எனக்குப் போட்டிருந்தீங்கள்ல, நல்ல வார்த்தை. அது உங்க பேருக்குப் பக்கத்துல வரணும்."

அதையும் சேர்த்து அனுப்பினார். செல்பேசி அந்தச் சொல்லைத் தானாகத் திருத்தப் பார்த்தது, விடாமல் தட்டினார்.

மூன்று இருபதுக்கு அவள் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு மாடியேறினாள். சாவிகள் குலுங்குகிற சத்தம், கதவு கிறீச்சிடுகிற சத்தம், அப்புறம் அடுக்காக நான்கு தும்மல்.

"இதென்ன சார், ரெண்டு வருஷத்துத் தூசி. மெத்தையே தைக்கலாம் போல."

"அக்கா, ஸ்விட்ச் தெரியுதா?"

"லைட்டு ஸ்விட்ச் போட்டாச்சு."

"அது இல்ல, தட்டையா ஒரு பெட்டி. வரிசையா ஓட்டை ஓட்டையா இருக்கும், பச்சை லைட்டு மினுக்கும்."

"இருக்கு. ரெண்டு வரிசை."

"மேல ஒத்தைப்படை, கீழ ரெட்டைப்படை. கீழ் வரிசையில இடது பக்கத்துல இருந்து நாலாவது ஓட்டை. அதுதான் எட்டு."

"எண்ணிட்டேன். பக்கத்துலயே எட்டுன்னு எழுதியிருக்கு சார்."

"ஆமா," என்றார் அவர்.

அதே ஸ்விட்சில் இருபதாவது போர்ட் காலியாக இருந்தது. நேரில் வரும்போது மடிக்கணினியைச் செருகுவதற்காக இருபத்தொன்றாம் பாதையில் விட்டு வைத்தது. இன்றைய மாற்றம் அதைத் தொடவில்லை. சர்வரின் கேபிளை எட்டிலிருந்து பிடுங்கி இருபதில் செருகிவிட்டால் சர்வர் பேசும். முதுகில் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கும், அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும் என்று சொன்னார். முதல் இழுப்பில் வந்துவிட்டது.

"எட்டல சார்."

"எட்டுதான் அக்கா, அதைத்தான் பிடுங்கினீங்க."

"ஐயோ, நீளம் எட்டல. இருபதுக்கு நாலு விரக்கடை பத்தல. பின்னாடி இறுக்கிக் கட்டி வெச்சிருக்கீங்க."

கட்டி வைத்தவர் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், யாரும் ஆட்டிவிடக்கூடாது என்று ரிப்போர்ட்டுக்குப் பொருத்தமாக இறுக்கிக் கட்டியது. மணி மூன்று முப்பத்திரண்டு. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், அலமாரி உச்சியில ஒரு கேபிள் சும்மா சுருட்டிக் கிடக்கு. நுனி இதே மாதிரிதான் இருக்கு."

"ரெண்டு பக்கமும் அதே நுனியா?"

"ரெண்டு பக்கமும். நல்ல நீளம். தூசிதான்."

"அதுவே போதும்கா. இப்ப பழைய கேபிளைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போங்க. அது சர்வர்ல எந்த ஓட்டையில முடியுதோ, அதைப் பிடுங்கிட்டு, அதே ஓட்டையில புதுசைப் போடுங்க. மறு நுனி இருபதுல."

மறுமுனையில் பேச்சு நின்றது. இழுவை, உரசல், பெருமூச்சு. சர்வருக்குப் பின்னால் ஒரு ஆள் போகிற இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். மேலாளர் மேஜையில் விரலால் தாளம் போட ஆரம்பித்து, தானே கவனித்து நிறுத்திக்கொண்டார். நாற்பது. நாற்பத்தைந்து.

"போட்டாச்சு. டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு."

"வரணும். லைட்டு?"

"மொதல்ல மஞ்சளா இருந்துச்சு. இருங்க... பச்சை. மினுக்குது."

அவர் சர்வரைக் கூப்பிட்டார். சர்வர் பதில் சொன்னது. மேலாண்மைப் பக்கமும் திறந்தது. மணி மூன்று ஐம்பத்தொன்று. அவர் எதையும் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு முடிவுகள் போயின. பதினாறு ஊர்களும் பெற்றுக்கொண்டதாக வரிசையாகப் பதில் வந்தது. எல்லா ஊரிலும் தண்ணீர் நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் எட்டாவது போர்ட்டைச் சரிசெய்தார். இந்த முறை கெடு வைத்துவிட்டு, கோப்பை மூடிவிட்டு, ஒவ்வொரு வரியாகக் கையால் தட்டினார். ஒவ்வொரு வரியையும் மேலாளர் வாய்விட்டுப் படித்தார். எண் இல்லாமல் வருகிறதற்கு இருபத்தொன்று. எந்தெந்தப் பாதைக்கு அனுமதி. கடைசியில்தான் போர்ட்டின் தன்மை. சாவியக்கா கேபிளின் நுனியை இருபதிலிருந்து எட்டுக்கு மாற்றினாள். சர்வர் கூப்பிட்டதும் கேட்டது. மேலாண்மைப் பக்கத்தை மூடி மறுபடி திறந்து பார்த்தார். கெடுவை ரத்து செய்தார். எல்லாம் முடிந்த பிறகு, "சேமி" என்று தனியாகத் தட்டினார்.

"முடிஞ்சுது அக்கா. ரொம்ப நன்றி."

"சரி சார். உள்ள வந்ததே வந்துட்டேன், கூட்டிட்டுப் போறேன்," என்று செல்லை வைத்துவிட்டாள்.

மேலாளர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

"ரிப்போர்ட் எழுதுங்க. ரெண்டு தடவைக்கும் சேர்த்து. யார் பேராவது போடற மாதிரி இருந்தா, அன்னைக்கு அவங்க லீவான்னு மொதல்ல பாத்துக்கங்க."

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னபோது இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். கத்துகிற மேலாளர் மாதிரி நடித்துக்கூடக் காட்டியிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அன்னைக்கு நானும்தான் சிரிச்சேன்," என்றாள். மீதித் துணிகளை அவர் மடித்தார்.

ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு இன்னொருவர் பக்கத்தில் இருந்து படிக்காமல் எந்த ஸ்விட்சிலும் கை வைக்கக்கூடாது என்றார்கள். அந்த இன்னொருவர் முதல் வாரத்திலேயே அவருடைய கோப்புகளில் மூன்று பிழை கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை அவர் காரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். என்ன சொல்வது என்று எண்பது கிலோமீட்டரும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். சாவியக்கா மாடி நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர்பார்த்ததைவிடக் குள்ளம்.

"அக்கா, நான்தான். நெட்வொர்க். நேர்ல வந்து மன்னிப்பு கேக்கணும்னு..."

அவள் நிமிர்ந்து அவரை முழுசாகப் பார்த்தாள்.

"கேட்டாச்சே சார், எழுத்துலயே இருக்கு. கொழுந்தனாருக்கும் அனுப்பிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார்." துடைக்கிற துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "அந்த ஓரமா நில்லுங்க சார், தரை ஈரமா இருக்கு. காயட்டும்."

அவர் சுவரோரமாக நின்றார். வெயில் இல்லாத நாள். தரை காய வெகு நேரம் ஆயிற்று.